மணம் மங்கினால் மூக்குக்கும் பயிற்சி தேவை

சளி, காய்ச்சல் எல்லாம் போய்விட்டது. ஆனால் தாளிக்கும் வாசனை மட்டும் திரும்பவில்லை. 'தானாக வரும்' என்று விட்டுவிடாதீர்கள். நாம் கண்ணால் காண்பதும் காதால் கேட்பதும் தலாமஸ் என்ற பகுதி வழியாகவே மூளையின் மேற்புறணியை அடைகின்றன. மணம் அங்கே நிற்பதில்லை. உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்கு நேரே போய்ச் சேர்கிறது. பழைய வாசனை ஒன்று சிறுவயதைக் கண்முன் நிறுத்துவது அதனால்தான். நடுக்கம் தரும் பார்க்கின்சன், மறதி தரும் அல்சைமர் நோய்களில் மற்ற அறிகுறிகளுக்குப் பல ஆண்டுகள் முன்பே மோப்பம் குறையலாம்.

ஆறுதலான செய்தியும் உண்டு. மணத்தை உணரும் நரம்புச் செல்கள் வாழ்நாள் முழுவதும் புதிதாகப் பிறக்கின்றன. ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் குழுவினர் நான்கு மணங்களை வைத்து 12 வாரப் பயிற்சி கொடுத்துப் பார்த்து, 2009-இல் அதன் பலனை வெளியிட்டார்கள். இந்தப் பயிற்சியை வீட்டிலேயே செய்யலாம்.

1. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் (நீலகிரித் தைலம்) ஆகியவற்றின் எண்ணெயில் சில சொட்டுகளைப் பஞ்சில் விட்டு, மூடியுள்ள நான்கு சிறு பாட்டில்களில் போடுங்கள். பெயர் எழுதி ஒட்டுங்கள்.

2. காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை முகருங்கள்.

3. பாட்டிலை மூக்கருகே பிடித்து, 15 முதல் 20 விநாடி மெதுவாக, சிறுசிறு மூச்சாக இழுங்கள். எண்ணெய் தோலில் படவேண்டாம்.

4. அந்த மணம் முன்பு எப்படி இருந்தது என்று மனதில் கொண்டுவாருங்கள். இதை அவசரப்படாமல் செய்யுங்கள்.

5. அரை நிமிடம் விட்டு அடுத்த பாட்டிலுக்குப் போங்கள்.

6. வாரம் ஒரு முறை ஒவ்வொரு மணத்துக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் குறித்து வையுங்கள்.

7. 12 வாரத்துக்குப் பின் ஏலக்காய், காப்பித்தூள் என்று மணங்களை மாற்றித் தொடருங்கள்.

கற்பூரத்தையோ தலைவலித் தைலத்தையோ முகர்ந்து 'மூக்கு நன்றாக இருக்கிறது' என்று முடிவு கட்டாதீர்கள். அவற்றின் காரத்தையும் குளிர்ச்சியையும் உணர்வது வேறொரு நரம்பு. மோப்பம் திரும்பும்வரை கேஸ் கசிவையும் கெட்டுப்போன உணவையும் வீட்டில் வேறொருவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

மோப்பம் குறைந்தாலே மறதி நோய் என்று அஞ்சவேண்டாம்; சளி, சைனஸ், முதுமை ஆகியவையே பெரும்பாலும் காரணம். இந்தப் பயிற்சி மறதி நோய்க்கு மருந்தும் அல்ல. ஆனால் சில வாரங்களாகியும் திரும்பாவிட்டாலும், தலையில் அடிபட்ட பின் போனாலும், நடுக்கமோ மறதியோ சேர்ந்து வந்தாலும் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

முதல் சில வாரங்கள் எல்லா பாட்டிலும் ஒன்றுபோலவே தோன்றலாம். நரம்பு வளர நாளாகும். அதுவரை கிராம்பைக் கிராம்பென்று நினைத்தே முகருங்கள்.