உயர் ரத்த அழுத்தத்தோடு ரத்தசோகையும் இருந்தால்: எந்தச் சிகிச்சை யாருக்கு?

உயர் ரத்த அழுத்தம் உள்ளவருக்கு ரத்தம் குறையாது என்ற நம்பிக்கை நம் குடும்பங்களில் இன்னும் நிலவுகிறது. ரத்த அழுத்தம் என்பது ரத்தக்குழாயின் சுவர்மீது ரத்தம் செலுத்தும் விசை. ரத்தசோகை என்பது சிவப்பணுக்களில் ஆக்ஸிஜனைச் சுமந்து செல்லும் ஈமோகுளோபின் என்ற புரதம் குறைந்துபோவது. ஒன்று கூடியிருப்பதால் மற்றொன்று குறையாமல் இருந்துவிடுவதில்லை. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஈமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் கீழே போனால் அது ரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. 2019–21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 25 விழுக்காட்டினருக்கும் ரத்தசோகை இருந்தது. அதே கணக்கெடுப்பில் 15 வயதைக் கடந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ரத்த அழுத்தம் உயர்ந்திருந்தது. இத்தனை பரவலான இரண்டு நோய்கள் ஒரே உடலில் சேர்வது இயல்பே.

அவ்வாறு சேர்ந்தவருக்கு முன்னால் உணவு, மாத்திரை, நரம்பு வழியே ஏற்றும் இரும்பு, ஹார்மோன் ஊசி, ரத்தம் ஏற்றுதல் எனப் பல வழிகள் இருக்கின்றன. “எட்டு பாயிண்ட்தான் இருக்கிறது” என்ற எண்ணை மட்டும் பார்த்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சரியாகாது. ஈமோகுளோபின் ஏன் குறைந்தது என்பதே முதல் கேள்வி; தேர்ந்தெடுக்கும் வழி ரத்த அழுத்தத்தை என்ன செய்யும் என்பது அடுத்தது. கடுமையான ரத்தசோகையில் திசுக்களுக்கு ஆக்ஸிஜன் எட்டுவதற்காகச் சிறு ரத்தக்குழாய்கள் விரிந்துகொடுக்கின்றன. ஈமோகுளோபின் ஏறும்போது அவை மீண்டும் சுருங்குவதோடு ரத்தத்தின் அடர்த்தியும் கூடுவதால், அதுவரை கட்டுக்குள் இருந்த அழுத்தம் மேலே போகக்கூடும். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் சில வாரங்களுக்கு அழுத்தத்தை அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும்.

காரணத்தைத் தேடும்போது உயர் அழுத்தக்காரருக்கு முதலில் சிறுநீரகத்தையே பார்க்க வேண்டும். எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்களை உருவாக்கும்படி தூண்டுகிற எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைப் பெரும்பாலும் சிறுநீரகமே சுரக்கிறது. பல ஆண்டுகள் கட்டுப்படாத அழுத்தம் சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சிதைக்கும்போது அந்தச் சுரப்பும் குறைகிறது. சிதைந்த சிறுநீரகம் தன் பங்குக்கு அழுத்தத்தை மேலும் உயர்த்துகிறது. ஆகவே முழு ரத்த அணுப் பரிசோதனையோடு, கிரியாட்டினின் அளவும், அதிலிருந்து கணக்கிடப்படும் சிறுநீரக வடிகட்டு வீதமும், சிறுநீரில் ஆல்புமின் கசிகிறதா என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வடிகட்டு வீதம் மூன்று மாதங்களுக்கு மேல் 60க்குக் கீழே நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் இன்றியமையாதது. ஆனால் உடலில் அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து தெரியும் என்பதால், சிறுநீரக நோயாளிகளிடம் அது 100 நானோகிராமுக்குக் கீழே இருந்தாலே இரும்புக் குறைவு என்று கொள்வதும், ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைச் சேர்த்துப் பார்ப்பதும் வழக்கம். அந்த நிரப்பு 20 விழுக்காட்டுக்குக் குறைந்தால் மஜ்ஜைக்குப் போதிய இரும்பு கிடைக்கவில்லை என்று பொருள்.

நோயாளி ஏற்கெனவே விழுங்கும் மாத்திரைகளையும் மேசைமீது வைத்துப் பார்ப்பது நல்லது. மூட்டுவலிக்காகக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை, இரைப்பையில் புண் உண்டாக்கி ரத்தம் கசியச் செய்கிறது, அழுத்தத்தை ஏற்றுகிறது, சிறுநீரகத்தையும் பாதிக்கிறது. இந்த மூன்று தீங்குகளையும் ஒன்றாகச் செய்யும் இதை நிறுத்தாமல் இரும்பு மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. இதயத்துக்காகக் கொடுக்கப்படும் ஆஸ்பிரினும் கசிவை உண்டாக்கலாம். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்து, அதனாலும் ரத்தசோகை வரலாம். எனாலபிரில், டெல்மிசார்டன் வகை அழுத்த மாத்திரைகள் எரித்ரோபாய்டின் தூண்டுதலைச் சற்றே தணிப்பதால் ஈமோகுளோபினைச் சிறிதளவு இறக்கும். ஆயினும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் காக்கும் இம்மருந்துகளை அந்தச் சிறு இறக்கத்துக்காக நோயாளி தாமாகவே நிறுத்துவது பெரும் பிழை.

உணவு எல்லோருக்கும் பொதுவான அடித்தளம். ஆனால் ஈமோகுளோபின் கணிசமாகக் குறைந்தவருக்கு அது மட்டுமே சிகிச்சையாகாது. 100 கிராம் முருங்கைக் கீரையில் உள்ள இரும்பு ஏறத்தாழ 4 முதல் 5 மில்லிகிராம். தாவர உணவிலிருந்து உடல் உறிஞ்சுவதோ அதில் சிறு பங்கே. ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் எளிதில் உறிஞ்சப்படும் இரும்பைத் தருகின்றன. அழுத்தம் உள்ளவர் கவனிக்க வேண்டியது உப்பை. ரத்தம் ஊறும் என்று கருவாட்டையும், கீரைச் சோற்றுக்குத் துணையாக ஊறுகாயையும் அப்பளத்தையும் சேர்த்தால், நாளொன்றுக்கு 5 கிராம் என்ற உப்பு வரம்பை ஒரே வேளையில் தாண்டிவிடக்கூடும். இரும்பு உறிஞ்சப்படுவதற்கு வைட்டமின் சி உதவும் என்று தண்ணீரில் நுரைத்துக் கரையும் மாத்திரையை வாங்குபவர்கள், அந்த நுரைக்குக் காரணமான சோடியமும் உள்ளே போகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். நெல்லிக்காயோ எலுமிச்சையோ கொய்யாவோ அவர்களுக்கு மேல். சிறுநீரக நோய் முற்றியவர்கள் கீரை, பழம் ஆகியவற்றின் அளவையும் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும், ஏனெனில் அவற்றின் பொட்டாசியம் அவர்கள் உடலில் தேங்கும். சித்த மருத்துவத்தின் அன்னபேதிச் செந்தூரம் இரும்பைக் கொண்ட மருந்தே. ஆனால் அதனோடு தரப்படும் லேகியங்களிலும் மணப்பாகுகளிலும் வெல்லமோ சர்க்கரையோ இருப்பதால், சர்க்கரை நோயும் உள்ளவர் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். அதிமதுரம் சேர்ந்த மருந்து அழுத்தத்தை உயர்த்தக்கூடியது.

சிறுநீரகம் நன்றாக இயங்கி, ஃபெரிட்டின் குறைந்து, அவசரம் ஏதும் இல்லாதவருக்கு இரும்பு மாத்திரையே முதல் தேர்வு. விலை மலிவு, அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. குடலின் இரும்பு வாசலை அடைக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஒரு வேளை மாத்திரைக்குப் பிறகு ஏறத்தாழ ஒரு நாள் உயர்ந்து நிற்பதால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுப்பது உறிஞ்சும் விகிதத்தைக் கூட்டுகிறது என்று இரும்பு குறைந்த இளம்பெண்களிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. மலச்சிக்கலும் குமட்டலும் தாங்காமல் மாத்திரையை விட்டுவிடும் முதியவர்களுக்கு இந்த முறை வரப்பிரசாதம். மலம் கறுத்துப் போவது எதிர்பார்க்கத்தக்கதே என்றாலும், தார்போல் பிசுபிசுத்து நாறினால் அது குடலுக்குள் கசியும் ரத்தமாக இருக்கலாம். காபி, தேநீர், கால்சியம் மாத்திரை, அமிலத்தைக் குறைக்கும் மருந்து ஆகியவை இரும்பின் உறிஞ்சலைத் தடுக்கும். அழுத்தக்காரருக்கே உரிய மற்றொரு செய்தி உண்டு: கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் மெதில்டோபா என்ற அழுத்த மாத்திரையோடு இரும்பைச் சேர்த்து விழுங்கினால், மெதில்டோபா சரிவர உறிஞ்சப்படாமல் அழுத்தம் ஏறலாம்; ஆகவே இரண்டுக்கும் இடையில் சில மணிநேர இடைவெளி கட்டாயம் வேண்டும்.

மாத்திரை எங்கே போதாமல் போகும் என்பதை ஒரு கணக்கு காட்டும். உடலுக்குத் தேவையான மொத்த இரும்பைக் கணிக்க, எடையை ஈமோகுளோபின் பற்றாக்குறையாலும் 2.4 என்ற எண்ணாலும் பெருக்கி, இருப்புக்காக 500ஐக் கூட்டுவார்கள். 60 கிலோ எடையுள்ளவரின் ஈமோகுளோபின் 8 ஆகவும் இலக்கு 15 ஆகவும் இருந்தால் தேவை சுமார் 1,500 மில்லிகிராம். மாத்திரையின் 60 மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு உறிஞ்சப்பட்டால் இதற்கு மாதக்கணக்காகும். இரும்புப் பஞ்சத்தில் உள்ள குடல் கூடுதலாக உறிஞ்சும் என்றாலும் காலம் நீளவே செய்யும். அதையே நரம்பு வழியே ஏற்றினால், ஒரு முறைக்கு 200 மில்லிகிராம் வீதம் கொடுக்கப்படும் அயர்ன் சுக்ரோஸுக்குப் பல வருகைகள் வேண்டும்; ஒரே அமர்வில் 1,000 மில்லிகிராம் வரை ஏற்றத்தக்க ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸுக்கு இரண்டு வருகைகள் போதும். முன்னது மலிவு, பின்னது விலை கூடுதல். தொலைவிலிருந்து வேலையை விட்டு வரும் கூலித் தொழிலாளிக்குப் பேருந்துச் செலவையும் இழந்த கூலியையும் சேர்த்தால் இந்த வேறுபாடு பெரிதும் சுருங்கிவிடும். அயர்ன் சுக்ரோஸ் வேகமாக ஏறினால் அழுத்தம் சட்டென இறங்கலாம்; கார்பாக்ஸிமால்டோஸ் சிலருக்கு அழுத்தத்தைத் தற்காலிகமாக உயர்த்துவதோடு ரத்தத்தில் பாஸ்பேட்டையும் குறைக்கலாம். எதுவாயினும் ஏற்றுவதற்கு முன் அழுத்தத்தை அளப்பதும், முடிந்தபின் அரை மணிநேரம் கண்காணிப்பில் இருப்பதும் தவிர்க்கலாகாதவை. டயாலிசிஸ் செய்பவர்கள், மாத்திரையைக் குடல் ஏற்காதவர்கள், இரும்புக் குறைவோடு இதயச் செயலிழப்பும் உள்ளவர்கள் ஆகியோருக்கு நரம்புவழி இரும்பே பொருந்தும்.

எரித்ரோபாய்டின் ஊசிதான் அழுத்தக்காரரிடம் மிகுந்த எச்சரிக்கையைக் கோருவது. 1989இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து டயாலிசிஸ் நோயாளிகளை ஓயாத ரத்தமேற்றலிலிருந்து விடுவித்தது. ஆனால் ஈமோகுளோபினை இயல்பான அளவுவரை ஏற்றிவிட்டால் இன்னும் நல்லதல்லவா என்ற நியாயமான எதிர்பார்ப்பை ஆய்வுகள் பொய்யாக்கின: 2006இல் வெளியான ஓர் ஆய்வில் 13.5 கிராமை இலக்காகக் கொண்டவர்களுக்கு இதயப் பாதிப்புகளும் மரணமும் சேர்ந்து கூடின. 2009இல் வெளியான மற்றோர் ஆய்வில், சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் உடையவர்களிடம் பக்கவாதம் ஏறத்தாழ இருமடங்கானது. இவற்றின் பின்னணியில்தான் 2012ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சிறுநீரக வழிகாட்டுதல், பொதுவாக 11.5 கிராமுக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்று கூறியது. டயாலிசிஸ் தொடங்கியவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு இந்த ஊசிக்குப் பிறகு அழுத்த மருந்தைப் புதிதாகத் தொடங்கவோ கூட்டவோ நேர்ந்தது. அழுத்தம் கட்டுப்படாதவருக்கு இதைக் கொடுக்கவே கூடாது. எனவே சிறுநீரக நோய் உறுதியாகி, இரும்பு நிரப்பப்பட்ட பிறகும் ஈமோகுளோபின் 10க்குக் கீழே நின்று, அழுத்தமும் அடங்கியிருந்தால் மட்டுமே இவ்வழியை நாட வேண்டும். உடல் ஆக்ஸிஜன் குறைவை உணரும் விதத்தைக் கண்டறிந்து 2019இல் மூவர் நோபல் பரிசு பெற்றனர். அந்த அறிவின் மேல் எழுந்த, உடலையே எரித்ரோபாய்டின் சுரக்கத் தூண்டும் மாத்திரைகளில் ஒன்றான டெசிடுஸ்டாட்டுக்கு 2022இல் இந்தியாவில் ஒப்புதல் கிடைத்தது. ஊசிக்காக அலைய இயலாதவருக்கு இது வசதிதான்; ஆயினும் இந்த வகை மருந்துகளில் ரத்தம் உறையும் அபாயம் பற்றிய கவலை இருப்பதால், சிறுநீரக மருத்துவரின் மேற்பார்வை இதற்கும் வேண்டும்.

ரத்தம் ஏற்றுவது கடைசி வழி; ஈமோகுளோபின் 7க்குக் கீழே, இதயநோயாளிக்கு 8க்குக் கீழே போகும்போதும், பெரும் ரத்தப்போக்கின்போதும் மட்டுமே அது முன்னுக்கு வரும். ஒரு யூனிட் ஏறக்குறைய ஒரு கிராம் உயர்த்தும். முதியவருக்கும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் வேகமாக ஏற்றினால் ரத்தக் கன அளவு மிகுந்து அழுத்தம் எகிறி நுரையீரலில் நீர் கோக்கும். ஆகவே ஒரு யூனிட்டை மெதுவாக ஏற்றிவிட்டு மறுமதிப்பீடு செய்வதே முறை. சிறுநீரக மாற்று அறுவைக்குக் காத்திருப்பவர் இயன்றவரை இதைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் பிறர் ரத்தத்துக்கு எதிராக உருவாகும் எதிர்ப்பொருள்கள் பொருந்தும் சிறுநீரகம் கிடைப்பதை அரிதாக்கிவிடும்.

இரும்பு மாத்திரையை நான்கு வாரங்கள் ஒழுங்காக எடுத்தும் ஈமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறவில்லையென்றால், உடனே ஊசிக்குத் தாவுவதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு: மாத்திரை காபியோடு உள்ளே போகிறதா, மூலமோ கர்ப்பப்பை நார்க்கட்டியோ கொக்கிப்புழுவோ ரத்தத்தை வெளியே எடுக்கின்றனவா, சிவப்பணு சிறுத்திருப்பது இரும்புக் குறைவால் அல்லாமல் பரம்பரையாக வரும் தலசீமியாக் கூறினால் ஏற்பட்டதா என்பன. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும் எந்த வயது ஆணுக்கும் காரணம் தெரியாத இரும்புக் குறைவு இருந்தால், இரைப்பையையும் பெருங்குடலையும் உள்நோக்கிக் கருவியால் பார்க்காமல் சிகிச்சையைத் தொடர்ந்துகொண்டிருப்பது, அங்கே வளரும் புற்றுநோய்க்குக் காலஅவகாசம் கொடுப்பதாகிவிடும்.