தில்லிக்கு வரும் வலசைப் பறவைகள்

தில்லியில் பருவமழை ஓய்ந்து வானம் தெளிவடைவது செப்டம்பர் மாத இறுதியிலாகும். ஆனால் பருவம் மாறுவதைப் பறவைகள் அதற்கு முன்னரே அறிவித்துவிடுகின்றன. யமுனைக் கரையின் சேற்றிலும் வயலோரக் குட்டைகளிலும் ஆகஸ்டு மாதத்திலேயே வடநாட்டு உள்ளான்கள் வந்து இறங்குகின்றன. வெயில் தணியுமுன்னரே குளிர்கால விருந்தினர் வந்து சேர்வது விந்தையாகத் தோன்றலாம். இதன் காரணத்தை அறிய, அப்பறவைகள் பிறந்த நாட்டின் இயல்பை அறிதல் வேண்டும்.

வலசையின் காரணம்

சைபீரியாவின் வடபகுதியில் கோடை மிகக் குறுகியது. பகற்பொழுது நீண்டிருக்கும் அந்தச் சில வாரங்களில் பூச்சிகள் ஏராளமாகப் பெருகுகின்றன. அவ்வுணவைக்கொண்டு பறவைகள் குஞ்சு பொரித்து வளர்க்கின்றன. இனப்பெருக்கக் காலம் முடியும் நிலையில், பல உள்ளான் இனங்களில் முதிர்ந்த பறவைகள் முதலில் தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றன. இளம் பறவைகள் பின்னர் வருகின்றன.

பறவைகளை இடம்பெயரச் செய்வது குளிர் மட்டுமன்று. நீரும் நிலமும் பனியால் உறைந்து இரை கிடைக்காமற் போவதே முதன்மையான காரணம். எனினும் பஞ்சம் நேரும்வரை அவை காத்திருப்பதில்லை. பகலின் நீளம் மாறுவதை உணர்ந்து அவற்றின் உடல் ஆயத்தமாகிறது, பசி மிகுகிறது, தோலுக்கடியில் கொழுப்புச் சேர்கிறது. இக்கொழுப்பே நெடும்பயணத்துக்குரிய எரிபொருள். சூரியன், விண்மீன்கள், பூமியின் காந்தப்புலம் ஆகியவற்றின் துணையால் பறவைகள் திசையறிகின்றன என்பது சோதனைகளால் தெளிவாகியுள்ளது.

இந்தியாவுக்கு வரும் பறவைகள் பெரும்பாலும் மத்திய ஆசிய வலசைப் பாதையைச் சார்ந்தவை. அவற்றுள் வரித்தலை வாத்து சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. திபெத்து, மங்கோலியா, லடாக் முதலிய உயர்நிலங்களில் இனப்பெருக்கம் செய்யும் இப்பறவை இமயமலையைக் கடந்து வருகிறது. சிறு கருவிகளைப் பொருத்தி ஆராய்ந்ததில், அது 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறப்பது பதிவாகியுள்ளது. அதே இனம் தமிழ்நாட்டில் கூந்தன்குளம் வரையிலும் செல்கிறது.

வருகையின் வரிசை

எல்லாப் பறவைகளும் ஒருங்கே வந்து சேர்வதில்லை. உள்ளான்களை அடுத்து, செப்டம்பரில் வாலாட்டிகளும் நீலத்தொண்டைக் குருவியும், வாலை ஓயாது நடுக்கும் செவ்வாற் குருவியும் வருகின்றன. ஒரு வாலாட்டியின் எடை ஏறத்தாழ 20 கிராம் மட்டுமே என்பதை எண்ணினால், அதன் பயணத்தின் அருமை விளங்கும். வாத்துகளுள் நீலச்சிறகி முந்தி வருவது. கிளுவை, ஊசிவால் வாத்து, மண்வெட்டி போன்ற அலகுடைய தட்டைவாயன் ஆகியவை அக்டோபர் முதல் மிகுதியாகக் காணப்படுகின்றன. நவம்பரில் யமுனையின் படித்துறைகளருகே கடற்காகங்கள் வட்டமிடுகின்றன. வரித்தலை வாத்துகளும் ஏறத்தாழ அக்காலத்தில் வந்து சேர்கின்றன.

சில இனங்கள் தில்லியில் குளிர்காலத்தைக் கழிப்பதில்லை. மத்திய ஆசியாவிலிருந்து வரும் சூறைக்குருவிகள் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கூட்டங்கூட்டமாக நகரைக் கடந்து தெற்கே செல்கின்றன. இத்தகைய பறவைகளுக்குத் தில்லி ஒரு வழித்தங்கல் போன்றது.

நோக்குதலும் பதிவு செய்தலும்

ஓர் ஊரின் பறவைகளை ஆண்டுதோறும் அதே இடத்தில் நோக்கிக் குறித்துவைக்கும் வழக்கம் இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் நன்கு வேரூன்றியது. அவ்வழக்கத்தில் சிறுவயதுமுதல் பயின்றவர் ஹோரேஸ் அலெக்சாண்டர் (1889–1989). காந்தியடிகளின் நண்பரான இவரும் ஜெனரல் ஹெரால்டு வில்லியம்சும் 1950ஆம் ஆண்டில் தில்லியில் பறவை நோக்குவோர் சங்கத்தை நிறுவினர். பின்னாளில் பிரதமரான இந்திரா காந்தியும் அதன் தொடக்ககால உறுப்பினருள் ஒருவர். உஷா கங்கூலி எழுதிய தில்லிப் பகுதிப் பறவைகள் பற்றிய கையேட்டை இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் 1975இல் வெளியிட்டது.

இப்பணியைத் தொடங்க விரும்பும் மாணவருக்குப் பெரும் செலவு வேண்டுவதில்லை. எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு பைனாகுலரும் ஒரு குறிப்பேடும் போதும். பின்வரும் முறைகளைக் கைக்கொள்ளுதல் நலம்:

1. ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்தில், ஒரே வழியாகச் செல்லுதல் வேண்டும். இடமும் நேரமும் மாறினால் ஒரு நாளின் கணக்கை மற்றொரு நாளின் கணக்குடன் ஒப்பிட இயலாது.

2. நாள், நேரம், காற்று, மேகம், நீரின் மட்டம் ஆகியவற்றை அவ்விடத்திலேயே எழுதுதல் வேண்டும்.

3. பெருங்கூட்டத்தை எண்ணும்போது, முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைத்துள்ள பரப்பைக் கண்ணால் அளந்து, கூட்டம் முழுவதும் அத்தகைய எத்தனை பரப்புகள் உள்ளன எனக் கணித்தல் வேண்டும்.

4. எதிர்பார்த்த பறவை வரவில்லையெனின், ‘இல்லை’ என்பதையும் குறித்தல் வேண்டும். வெற்றிடமாக விடப்பட்ட கட்டம், பறவை இல்லை என்பதைக் காட்டுகிறதா, நோக்குபவர் அன்று செல்லவில்லை என்பதைக் காட்டுகிறதா என்று பின்னர் அறிய முடியாது.

ஓராண்டின் குறிப்பினால் யாதொரு முடிவுக்கும் வர இயலாது. மழை குறைந்த ஆண்டில் ஓர் ஏரி வற்றினால், பறவைகள் வேறிடம் நாடியிருக்கலாம். பல ஆண்டுகளின் குறிப்புகள் இருந்தால் மட்டுமே தற்செயலான ஏற்றத்தாழ்வையும் உண்மையான வீழ்ச்சியையும் பிரித்தறிய முடியும். பரத்பூரில் குளிர்காலத்தில் காணப்பட்ட சைபீரியக் கொக்கின் எண்ணிக்கை இவ்வாறே படிப்படியாகக் குறைந்து வந்தது பதிவாயிற்று. 2002ஆம் ஆண்டுக்குப் பின் அக்கொக்கு அங்கு வரவில்லை.

குறிப்பேட்டின் பயன்

நீர்நிலை அழிந்தால், பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து வரும் பறவைக்குத் தங்குமிடம் இல்லாமற் போகும். தில்லியின் தென்மேற்கிலிருந்த விரிந்த நஜாப்கர் ஏரி கால்வாய்களால் வடிக்கப்பட்டுச் சுருங்கிவிட்டது. யமுனையின் நீரோ கழிவுகளால் மாசுற்றுள்ளது. இதற்கு மாறான சான்று, அரியானாவிலுள்ள சுல்தான்பூர் ஏரியாகும். அங்கு வரும் பறவைகளை நோக்கிவந்த சங்கத்தைச் சேர்ந்த பத்திரிகையாளர் பீட்டர் ஜாக்சன், அதைக் காக்க வேண்டுமென்று பிரதமர் இந்திரா காந்திக்கு எழுதினார். 1971இல் அது சரணாலயமாயிற்று. 1991இல் தேசியப் பூங்காவாகவும், 2021இல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. யமுனைமீது 1986இல் அமைந்த ஓக்லா அணைக்கட்டினால் தேங்கிய நீர்ப்பரப்பும் 1990இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

ஒரு நீர்நிலைக்கு எவ்வினப் பறவைகள், எம்மாதத்தில், எத்தனை வருகின்றன என்று காட்டும் பதிவு இருந்தால்தான் அதன் மதிப்பை அரசுக்கும் மக்களுக்கும் எடுத்துரைக்க இயலும். வேடந்தாங்கலிலாயினும் கோடிக்கரையிலாயினும் ஊரருகே உள்ள சிறு குளத்திலாயினும் அப்பதிவைத் தொடங்குவதற்கு ஏற்ற காலம், முதல் உள்ளான் சேற்றில் வந்து இறங்கும் ஆகஸ்டு மாதமே.