திரையில் கண்ட தறியை வீட்டில் அமைத்தல்

(மூன்றாமாண்டு, இயற்பியல்)

திரைப்படத்தில் கண்ட பொருளைப் போல ஒன்றைத் தாமே செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை மாணவப் பருவத்தில் பலருக்கும் உண்டு. அட்டையில் மணிமுடியும் தகரத்தில் வாளும் செய்து மகிழ்ந்தவர்கள் நம்மிடையே இருப்பார்கள். காஞ்சியில் வாழும் நமக்கு அவற்றினும் நெருக்கமான பொருள் ஒன்று திரையில் இடம்பெற்றுள்ளது. அதுதான் பட்டுத்தறி.

பிரியதர்ஷன் இயக்கிய 'காஞ்சிவரம்' 2008ஆம் ஆண்டு வெளிவந்தது. 2007ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படத்துக்கான விருதை அது பெற்றது; பிரகாஷ்ராஜ் சிறந்த நடிகராகத் தேர்வு பெற்றார். வேங்கடம் என்னும் நெசவாளர், தம் மகளைப் பட்டுப்புடவை உடுத்தி மணமுடித்துத் தருவதாக வாக்களிக்கிறார். கூலிக்கு நெய்யும் அவருக்குப் பட்டு வாங்க வழியில்லை. வேலை செய்யும் இடத்திலிருந்து நூலை வாயில் ஒளித்துச் சிறிது சிறிதாகக் கொண்டுவந்து, வீட்டில் மறைவாக நெய்கிறார். அந்தப் புடவை முற்றுப்பெறாமலே போகிறது. அவருடைய அந்த மறைவுத் தறியின் சிறு மாதிரியை வீட்டில் செய்யும் முறையை இங்கு விளக்க விரும்புகிறேன்.

படப்பிடிப்புக்கான பொருள், கேமராவுக்குத் தெரியும் பக்கம் சரியாக இருந்தாலே போதும். நமக்கு அது போதாது. தறி இயங்கும் பொருள். நம் மாதிரியும் நெய்ய வேண்டும். நெய்து பார்ப்பதே அதன் துல்லியத்துக்குச் சோதனை.

அளவெடுத்தல்

திரையில் தெரியும் காட்சியிலிருந்து அளவு கண்டுபிடிக்க ஒப்புமை முக்கோணங்கள் உதவும். புடவையின் அகலம் ஏறத்தாழ 48 அங்குலம் என்பது நமக்குத் தெரியும். காட்சியை நிறுத்தி, துணியின் அகலத்தை அடிக்கோலால் அளந்தால், அதே தொலைவில் உள்ள மற்ற உறுப்புகளின் அளவு விகிதத்தால் கிடைத்துவிடும். கேமராவுக்கு அருகில் உள்ள பொருள் பெரிதாகத் தெரியும். ஆகவே முன்னால் உள்ள தூணையும் பின்னால் உள்ள பாவையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது. நிறத்தையும் திரையிலிருந்து எடுக்க வேண்டாம். மஞ்சள் விளக்கொளியில் அரக்கு நிறம் வேறாகத் தோன்றும்.

இவ்வாறு கிடைப்பது வெளித்தோற்றம் மட்டுமே. குழிக்குள் மிதிகள் எப்படிக் கட்டப்பட்டுள்ளன, விழுதுகள் எங்கே தொங்குகின்றன என்பதை உண்மைத் தறியில்தான் அறிய முடியும். பிள்ளையார்பாளையத்தில் என் பெரியப்பா வீட்டுத் தறியை இதற்காக அளந்து கொண்டேன்.

சட்டமும் குழியும்

ஆறில் ஒரு பங்கு அளவு வசதியானது. ஓர் அடிக்கு இரண்டு அங்குலம் என்று எளிதாகக் கணக்கிடலாம். 48 அங்குல அகலம் 8 அங்குலமாகும். 18 அடி நீளமுள்ள புடவை 36 அங்குலமாகும்.

நம் ஊர்த் தறி குழித்தறி. நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிக்கிறார். மேசைமேல் வைக்கும் மாதிரிக்குக் குழி தோண்ட முடியாது. எனவே ஐந்து அங்குல உயரமுள்ள மரப்பெட்டியைத் தரையாகக் கொண்டு, அதன் மேற்பலகையில் குழிக்கான வாயை வெட்ட வேண்டும். பெட்டியின் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டால் மிதிகளின் இயக்கத்தைப் பார்வையாளர் காணலாம். தச்சுப் பட்டறையில் கழித்த தேக்குத் துண்டுகளே சட்டத்துக்குப் போதும்.

விழுதும் அச்சும்

மரத்தைச் சிறிதாக்கலாம், நூலை அதே விகிதத்தில் மெல்லியதாக்க முடியாது. ஆறில் ஒரு பங்கு தடிமனுள்ள பட்டிழையை எங்கே தேடுவது? ஆகவே இழைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். அங்குலத்துக்கு 20 இழை வீதம் 8 அங்குலத்துக்கு 160 இழைகள். இவற்றுள் இருபுறக் கரைக்கும் 20 வீதம் 40. நடுவில் உடலுக்கு 120.

ஒற்றைப்படை இழைகள் ஒரு விழுதுக் கட்டிலும், இரட்டைப்படை இழைகள் மற்றொன்றிலும் செல்லும். கட்டுக்கு 80 கண்கள் தேவை. பலகையில் நான்கு ஆணிகளை ஒரே கோட்டில் அடித்து, அவற்றைச் சுற்றி நூலை முடிந்தால் எல்லாக் கண்களும் ஒரே உயரத்தில் அமையும். இரண்டு கட்டுகளையும் மேலே ஒரே கப்பியில் தொங்கவிட்டு, கீழே இரண்டு மிதிகளோடு இணைக்க வேண்டும். ஒரு மிதியை அழுத்தினால் ஒரு கட்டு இறங்கும், மற்றது ஏறும். இழைகள் இரண்டாகப் பிரிந்து நாடா செல்ல வழி பிறக்கும்.

அச்சுக்கு ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுக் கம்பித் துண்டுகள் 81 வேண்டும். இரண்டு மூங்கில் சட்டங்களுக்கு இடையே அவற்றை நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் நடுவே சணலைச் சுற்றி இடைவெளி அமைக்கலாம். 80 இடைவெளிகளில் இரண்டிரண்டாக 160 இழைகளும் செல்லும். பாவின் மறுமுனையைப் பின்கம்பத்தில் இழுத்துக் கட்டினால் தறி ஆயத்தமாகும்.

கோர்வை

இனிமேல்தான் காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பு வருகிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்து, இரண்டையும் தறியிலேயே பிணைப்பது கோர்வை. இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் இரண்டு. ஒவ்வொரு வரியிலும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சேருமிடத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். மாதிரியில் பச்சைக் கரையும் அரக்கு உடலும் வைத்துப் பார்த்தால் இந்தப் பிணைப்பு கண்ணுக்கு நன்கு புலனாகும்.

மூன்று நாடாக்களை ஒருவர் மட்டும் கையாள்வது எளிதன்று. அதனால்தான் கோர்வைத் தறியில் நெசவாளருக்குப் பக்கத்தில் உதவியாள் ஒருவர் அமர்ந்து ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளித் தருகிறார். முன்பு பல வீடுகளில் அந்த இடத்தில் இருந்தது பள்ளிக்குச் செல்ல வேண்டிய சிறுவரே. மாதிரியின் குழியருகே இருவர் அமரும் இடம் விட வேண்டும். ஓர் இடம் மட்டும் விட்டால் தறி பார்வைக்கு அழகாக இருக்கலாம், கோர்வைத் தறியாகாது.

உழைப்பின் கணக்கு

நம் மாதிரியில் அங்குலத்துக்கு 20 ஊடை வீதம் 36 அங்குலத்துக்கு 720 வரிகள். கோர்வையாதலால் நாடா 2,160 முறை செல்ல வேண்டும். உண்மைப் புடவைக்கு, கணக்குக்காக அங்குலத்துக்கு 60 என்று கொள்வோம். 216 அங்குலத்துக்கு 12,960 வரிகள். நாடா 38,880 முறை. இது சரிகை வேலையையும், முந்தானைக்காகப் பாவின் நிறத்தை மாற்றிப் பிணைக்கும் பேட்னி வேலையையும் சேர்க்காத கணக்கு. முழுப் புடவையையும் மாதிரியில் நெய்ய முடியாதவர்கள் ஒரு சாண் நெய்தாலே இந்த எண்களின் பொருளை விரல்களால் உணர்வார்கள்.

முடிவுரை

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்தது. எனினும் கோர்வைக்கு உதவியாள் கிடைப்பது அரிதாகி வருகிறது. சிறுவர்கள் பள்ளிக்குச் செல்வது நாம் மகிழ வேண்டிய மாற்றம். வளர்ந்தவர் ஒருவர் வந்து அமர வேண்டுமானால், அவரது குடும்பம் வாழும் அளவுக்கு அந்த இடத்துக்குக் கூலி கிடைக்க வேண்டும். அது கிடைக்காத வரையில் கரையைத் தனியே கோப்பதை விட்டு எளிய முறைக்கு மாறும் நெசவாளரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.

மாதிரித் தறியில் துணியை அறுத்தெடுக்காமல், நெய்த அளவில் நிறுத்தி வைப்பது பொருத்தம். படத்தில் வேங்கடத்தின் புடவையும் முற்றுப்பெறவில்லை. கல்லூரிக் கண்காட்சியில் வைக்கும்போது குழியின் பக்கமும் இரண்டாவது இருக்கையும் பார்வையாளருக்குத் தெரியும்படி வையுங்கள். "இங்கே யார் உட்காருவார்?" என்று ஒருவராவது கேட்பார். அவருக்கு விடை சொல்ல, மாதிரி செய்த மாணவர் ஒரு நாளாவது உண்மையான கோர்வைத் தறியின் அருகே அமர்ந்திருந்து பார்த்திருக்க வேண்டும்.