வராதவரையும் கணக்கில் வைத்திருக்கும் இடம்

கேள்வி: டாக்டர் அம்மா, ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். என் மாமனாருக்கு வயது 67. ஏழு வருஷமாகச் சர்க்கரையும் பி.பி.யும் இருக்கிறது. டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் மாதாமாதம் காட்டுகிறோம். ஃபீஸ், டெஸ்ட், மாத்திரை, பஸ் செலவு எல்லாம் சேர்ந்து மூவாயிரத்தைத் தொட்டுவிடுகிறது. கை கடிக்கிற மாதங்களில் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்கிறார். எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. “அது இல்லாதவங்க போற இடம். நமக்குக் காடு தோட்டம் இருக்கு, அங்க போய் வரிசையில நிக்கறதா?” என்கிறார் மாமா. கவர்மென்ட் மாத்திரையில் பவர் இருக்காது என்று பக்கத்து வீட்டிலும் சொல்கிறார்கள். நான் இப்போது மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறேன். எங்களைப் போன்றவர்கள் அங்கே போகலாமா? எதற்குப் போகலாம், எதற்குப் போகக்கூடாது?
— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்தக் கேள்வி அல்ல. ‘ஒருநாள் விட்டு ஒருநாள்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அரைகுறையாகப் போடும் மாத்திரை, போட்டுக்கொள்கிறோம் என்ற நிம்மதியைத் தருமே தவிர பாதுகாப்பைத் தராது. வெளியே ஒன்றும் தெரியாமலே சிறுநீரகமும் கண்ணும் இதயமும் கெட்டுக்கொண்டிருக்கும். எனவே எந்த டாக்டர் கெட்டிக்காரர், எந்த இடம் கௌரவம் என்பதெல்லாம் பிறகு. பன்னிரண்டு மாதமும் விடாமல் மாத்திரை கிடைக்கும் இடம் எது என்று முதலில் பாருங்கள். ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கும் அந்தக் கட்டடம் இதற்காகத்தான் இருக்கிறது.

‘இல்லாதவர்கள் போகிற இடம்’ என்று மாமா சொல்வதற்கு வருவோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்தியம் பார்க்க வருமானச் சான்றிதழ் வேண்டாம். ரேஷன் கார்டின் வகையை யாரும் கேட்பதில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமான வரம்பு இருப்பதால் இதற்கும் உண்டு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. ஆதார் நம்பரோ போன் நம்பரோ கேட்டால் அது பதிவுக்காக.

இந்த ஏற்பாடு ஏழைகளுக்கென்று தனியாக யோசிக்கப்பட்டதும் அல்ல. சர் ஜோசப் போர் தலைமையிலான அரசு சுகாதாரக் குழு 1946-ல் தந்த அறிக்கையிலேயே, பணம் இல்லை என்ற காரணத்தால் யாருக்கும் வைத்தியம் கிடைக்காமல் போகக்கூடாது என்பது அடிப்படைக் கொள்கை. நோய் வந்தபின் பார்ப்பதையும் வராமல் தடுப்பதையும் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும் என்றும் அந்தக் குழு சொன்னது. 1952-ல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரத் தொடங்கின. சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 20,000 பேருக்கு ஒன்று என்பது இன்றைய கணக்கு. அதற்குக் கீழே 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அங்கே ஒரு கிராம சுகாதார செவிலியர். உங்கள் ஊரில் ‘நர்சம்மா’ என்பீர்களே, அவர்தான்.

அந்த 30,000 என்ற எண்ணுக்குள் உங்கள் வீடும் இருக்கிறது. தனியார் கிளினிக் உள்ளே வருகிறவரைப் பார்க்கிறது. அடுத்த மாதம் அவர் வரவில்லை என்றால் அது அவர் பாடு. சுகாதார நிலையம் வராதவருக்கும் பொறுப்பு. எத்தனை கர்ப்பிணிகள், எந்தக் குழந்தைக்கு ஊசி பாக்கி, எந்த வீட்டில் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர் இரண்டு மாதமாகக் காணோம் என்று பதிவேடு வைத்துத் தேடிப் போக வேண்டிய கடமை அதற்கு உண்டு.

இந்தத் தேடல் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2020-ல் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம் பேருக்குத்தான். இத்தனை ஆஸ்பத்திரிகளும் இத்தனை ஸ்பெஷலிஸ்டுகளும் இருக்கிற மாநிலத்தில் இந்த நிலை. பலருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியவில்லை. தெரிந்தவர்களிலும் பலர் உங்கள் மாமனாரைப் போல நடுவில் விட்டவர்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான். மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வந்த பெண்கள் வீடு வீடாகப் போய் பி.பி.யும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். வயதானவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் மாத்திரையை வீட்டிலேயே தருகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் உண்டு.

அடுத்து, மாத்திரையின் ‘பவர்’. அரசு மருத்துவமனைகளுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் மருந்து வாங்கித் தருவது 1994-ல் ஏற்படுத்தப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். டெண்டரில் வாங்கும் மருந்து முதலில் மாவட்டக் கிடங்குக்கு வரும். ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி எடுத்து, எந்தக் கம்பெனியுடையது என்று பரிசோதனைக் கூடத்துக்குத் தெரியாதபடி மறைத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். தேறிய பிறகுதான் கிடங்கை விட்டு வெளியே போகும். ஒவ்வொரு சுகாதார நிலையத்துக்கும் பாஸ்புக் உண்டு. அதில் ஒதுக்கிய தொகைக்குள் தனக்கு எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்று அந்த நிலையமே கேட்டு எடுத்துக்கொள்ளலாம். பல மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய முறை இது.

மெடிக்கல் ஷாப்பில் பிராண்டு பெயரோடு வாங்கும் சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மினும் அரசு ஸ்ட்ரிப்பில் வரும் மெட்ஃபார்மினும் ஒரே மருந்துதான். டெண்டர் எடுத்த கம்பெனி மாறும்போது நிறமும் அளவும் மாறும். இதைப் பார்த்துத்தான் ‘போன மாசம் வேற மாத்திரை, இந்த மாசம் வேற’ என்று ஊரில் பேச்சு வருகிறது. சந்தேகம் வந்தால் ஸ்ட்ரிப்பில் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இடம் மாறும்போது ஒரு எச்சரிக்கை. பிராண்டு பெயரும் மருந்துப் பெயரும் வேறாக இருப்பதால், இரண்டு இடத்து மாத்திரையையும் சேர்த்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை இரட்டிப்பானால் சர்க்கரை தாழ்ந்து ஆளே மயங்கி விழலாம். ஆகவே முதல் தடவை போகும்போது இப்போது சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு ஒரு பையில் போட்டு, பழைய சீட்டு, டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து டாக்டர் அளவைக் கூட்டிவிடுவார்.

தனியாரில் எழுதும் எல்லா மருந்தும் அங்கே இருக்காது. புதிதாக வந்த சிலவும், ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்றைச் சேர்த்த கூட்டு மருந்துகளும் கிடைக்காமல் போகலாம். அதற்கு ஈடாக எதைத் தருவது என்று அங்குள்ள மருத்துவர் முடிவு செய்வார். வீட்டிலேயே மாற்றிக்கொள்ள வேண்டாம். மாற்றிய ஒரு மாதத்துக்குள் சர்க்கரையும் பி.பி.யும் பார்த்துவிட வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை கண்ணின் விழித்திரை, சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்ற மூன்றையும் கேட்டு வாங்குங்கள். அங்கே வசதி இல்லாததை அரசு மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். இன்சுலின் போடுகிறவராகவோ, சிறுநீரகம் ஏற்கெனவே பாதிக்கப்பட்டவராகவோ இருந்தால் ஸ்பெஷலிஸ்டின் கண்காணிப்பும் கூடவே இருக்கட்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதம் என்கிறீர்கள். நீங்கள் டெலிவரி எங்கே வைத்துக்கொள்வதாக இருந்தாலும் தாமதிக்காமல் நர்சம்மாவிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர் தரும் பன்னிரண்டு இலக்க ஆர்.சி.எச். எண்ணைப் பிறகு குழந்தையின் பிறப்புப் பதிவிலும் கேட்பார்கள். ரத்த வகை, ஹீமோகுளோபின், சிறுநீர், குளுக்கோஸ் கொடுத்துப் பார்க்கும் சர்க்கரை டெஸ்ட், தடுப்பூசி, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 1987-ல் தொடங்கியது. பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக அதன் மதிப்பு 18,000 ரூபாய். இதற்கு மட்டும் நிபந்தனைகள் உண்டு. உங்களுக்குப் பொருந்துமா என்று நர்சம்மாவே பார்த்துச் சொல்வார்.

சிக்கல் இல்லாத பிரசவத்தை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். உயர் ரத்த அழுத்தம், கடுமையான ரத்தசோகை, முதல் குழந்தை சிசேரியன், இரட்டைக் குழந்தை என்றால் மயக்க மருந்து நிபுணரும் ரத்தமும் இருக்கும் சீமாங் மையத்துக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முதல் மாதங்களிலேயே பிரித்துப் பார்க்கும் இந்த வேலையைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 2018–20 காலத்தில் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் அந்த எண் 54. அந்த வித்தியாசத்தில் கிராம சுகாதார செவிலியர்களின் பதிவேட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

எதற்குப் போகலாம் என்று பட்டியலே கேட்டிருந்தீர்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, புண், இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை, புதன்கிழமைகளில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி, பெண்களுக்கு மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் போகலாம். நாய் கடித்தால் முதலில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். அன்றைக்கே போய் ஊசி போட்டு, 3, 7, 28-ம் நாள் தவணைகளையும் விடாமல் முடியுங்கள். பாம்பு கடித்தால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். நேராகக் கூட்டிப் போங்கள்.

நெஞ்சுவலி, பக்கவாதம், பெரிய விபத்து என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். இதில் நேரம்தான் எல்லாம். நெஞ்சுவலி வந்தவருக்குப் பெரிய ஆஸ்பத்திரி தூரமாக இருந்தால், வழியில் உள்ள சுகாதார நிலையத்தில் முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்ப ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023-லிருந்து இருக்கிறது. பக்கவாதத்துக்கு அப்படி வழியில் நிற்க வேண்டாம். ஸ்கேன் எடுக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். காலையில் கூட்டம் இருக்கும். டாக்டர் மீட்டிங்குக்கோ முகாமுக்கோ போயிருப்பார். சில இடங்களில் பணியிடம் காலியாகவே கிடக்கும். ஒரு மருந்து தீர்ந்துபோய் ‘அடுத்த வாரம் வாங்க’ என்பார்கள். இதற்கெல்லாம் நீங்கள் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. 104 சுகாதார உதவி எண்ணில் கூப்பிட்டுச் சொல்லலாம். வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். கிராம சபையில் எழுந்து கேட்டுத் தீர்மானமாக எழுதச் சொல்லலாம்.

உங்கள் மாமனாரிடம் நான் பேச வேண்டியது இங்கேதான் இருக்கிறது. ஐயா, உங்களைப் போலக் காடு தோட்டம் உள்ளவர்கள், நாலு பேர் மதிக்கிறவர்கள், அதிகாரியிடம் நேரில் பேசத் தெரிந்தவர்கள் எல்லோரும் டவுனுக்குப் போய்விட்டால், அந்த வரிசையில் மிஞ்சுவது வாய் திறக்கத் தயங்குகிறவர்கள் மட்டுமே. மருந்து இல்லை என்றால் அவர்கள் பேசாமல் திரும்பிப் போவார்கள். குறை இருப்பது மேலே தெரியாது. தெரியாத குறை தீராது. பிறகு அதையே காட்டி ‘அங்கே ஒன்றும் சரியில்லை’ என்று நாமே சொல்வோம். இல்லாதவர்களுக்கு மட்டும் என்று நாம் ஒதுக்கிவைக்கிற எந்த இடமும் நாளடைவில் இல்லாத இடமாகத்தான் ஆகும். நீங்கள் அந்த வரிசையில் நிற்பதால் உங்களுக்கு மாதம் மூவாயிரம் மிச்சம். உங்களுக்குப் பின்னால் நிற்பவருக்குக் கேள்வி கேட்க ஒரு துணை.

வாசகிக்குக் கடைசியாக: வரும் திங்கட்கிழமை மாமாவை வெறும் வயிற்றில், மாத்திரைப் பையோடு அழைத்துப் போங்கள். அதே நடையில் உங்கள் பெயரையும் பதிந்துவிட்டு வாருங்கள். அதுவரை மாத்திரையை ஒருநாள்கூட விட வேண்டாம்.