ஐஸ்கஸி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஸ்கஸி வட்டுக் கட்டளைகளை டிசிபி வழியாக, சாதாரண ஈதர்நெட் நெட்வொர்க்கிலேயே கொண்டுசெல்லும் நெறிமுறை ஐஸ்கஸி. 2004இல் ஆர்எஃப்சி 3720 ஆக வெளியாகி, 2014இல் ஆர்எஃப்சி 7143 ஆகத் தொகுக்கப்பட்டது. வட்டைக் கேட்கும் சர்வர் இனிஷியேட்டர். தரும் ஸ்டோரேஜ் டார்கெட். தரப்படும் வட்டு லன்.

நம்பிக்கை: ஐஸ்கஸியும் ஒருவகைப் பகிர்வு ஃபோல்டர்தான், ஒரே லன்னைப் பல சர்வர்களில் இணைத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே ஃபைல்கள் கிடைக்கும்.

உண்மை: என்எஃப்எஸ், எஸ்எம்பி ஆகியவை ஃபைல்களைத் தருகின்றன; ஐஸ்கஸி தருவது வெறும் பிளாக்குகளை. ஃபைல் சிஸ்டத்தை நிர்வகிப்பது சர்வரின் பொறுப்பு. எக்ஸ்ட்4, என்டிஎஃப்எஸ் போன்றவை வட்டு தமக்கு மட்டுமே உரியது என்று கொண்டு செயல்படுகின்றன. இரண்டு சர்வர்கள் ஒரே லன்னில் எழுதினால், ஒன்று செய்த மாற்றம் மற்றொன்றின் நினைவகத்துக்குத் தெரியாது. ஒன்றன் பதிவுகளை மற்றொன்று அழித்து எழுதிவிடும். ஐஸ்கஸி இதைத் தடுக்காது, எச்சரிக்கவும் செய்யாது. பல சர்வர்கள் சேர்ந்து எழுத விஎம்எஃப்எஸ், ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 போன்ற கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம் தேவை.

நம்பிக்கை: குறிப்பிட்ட ஐக்யூஎன்னை மட்டும் அனுமதித்தால் பாதுகாப்பு உறுதி.

உண்மை: ஐக்யூஎன் என்பது இனிஷியேட்டர் தன்னை அடையாளம் காட்டும் பெயர் மட்டுமே. லினக்ஸில் அது ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கிறது. நிர்வாகி உரிமை உள்ள எவரும் மாற்றலாம். சாப் முறை கடவுச்சொல்லைச் சரிபார்க்கிறது. ஆனால் தரவை மறையாக்கம் செய்வதில்லை. அதற்கு ஐபிசெக் வேண்டும். ஸ்டோரேஜுக்கெனத் தனி விலான் அமைப்பதும் அவசியம்.

நம்பிக்கை: இரண்டு நெட்வொர்க் போர்ட்டுகளை ஒன்றாகக் கட்டினால் வேகம் இரட்டிப்பாகும்.

உண்மை: இவ்வாறு கட்டும்போது ஒரு டிசிபி இணைப்பு பொதுவாக ஒரே கேபிளில்தான் செல்லும். ஐஸ்கஸிக்குப் பொருத்தமானது மல்டிபாத். ஒவ்வொரு போர்ட்டிலும் தனி செஷன் அமைத்தால் சுமையைப் பிரிக்கலாம். ஒரு பாதை அறுந்தாலும் வட்டு மறையாது. பாதைகள் தனித்தனி சுவிட்சுகள் வழியாகச் சென்றால்தான் இந்தப் பலன் முழுமையாகும்.

நம்பிக்கை: எம்டியுவை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, 9000 பைட் ஆக்கினாலே வேகம் கூடிவிடும்.

உண்மை: சர்வர், சுவிட்ச், ஸ்டோரேஜ் மூன்றும் இந்த அளவிலான ஜம்போ ஃபிரேமை ஏற்க வேண்டும். இடையிலுள்ள சுவிட்ச் 1500இல் நின்றால், லாகின் பாக்கெட்டுகள் சிறியவை என்பதால் லாகின் வெற்றிபெறும். பெரிய அளவில் தரவு நகரும்போது இணைப்பு திணறும். துண்டாக்கத்தைத் தடுத்து 8972 பைட் பிங் அனுப்பி, பாதை முழுவதையும் முன்கூட்டியே சோதிக்கலாம்.