உயிரைத் தாங்கும் கயிறு



எவரெஸ்டில் முதலில் ஏறியவர்கள் யார் என்று கேட்டால் டென்சிங், ஹிலாரி என்று உடனே சொல்லிவிடுவோம். 1953 மே 29 என்று தேதியும் சொல்வோம். ஆனா, எதை வெச்சு ஏறினாங்கன்னு கேட்டா முழிப்போம். நானும் முழிச்சவதான். பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் கருவிகள்:

1. பனிக்கோடாரி: தலையில் ஒரு பக்கம் கூர் அலகு, மறுபக்கம் மண்வெட்டி மாதிரி பட்டை. பனியில் படி வெட்டலாம், ஊன்றலாம், சறுக்கினால் குத்தி நிற்கலாம்.

2. கிராம்பான்: பூட்ஸுக்கு அடியில் கட்டும் இரும்புப் பற்கள். பனியில் கால் வழுக்காது.

3. ஹார்னஸ்: இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை. கயிறு இதில்தான் சேரும்.

4. காரபைனர்: ஸ்பிரிங் கதவு உள்ள உலோக வளையம். கயிற்றை நொடியில் மாட்டலாம், கழற்றலாம்.

5. கத்தி: 1984-இல் பச்சேந்திரி பால் தூங்கிய கூடாரத்தின் மேல் பனி சரிந்தது. கூட இருந்தவர் கத்தியால் கூடாரத்தைக் கிழித்து அவரை வெளியே எடுத்தார். சில நாளில், மே 23 அன்று, அவர் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் ஆனார்!

இப்போது இரண்டு சொற்கள். பனிப்பிளவு என்றால் பனியாற்றில் விழும் ஆழமான வெடிப்பு. பிலே என்றால் ஏறுபவர் விழுந்தால் தாங்குவதற்காக இன்னொருவர் கயிற்றைப் பிடித்திருப்பது.

எல்லாவற்றிலும் முக்கியம் கயிறு. இதற்கு இரண்டு சம்பவம் சொல்கிறேன்.

1865 ஜூலை 14. ஆல்ப்ஸ் மலையில் மேட்டர்ஹார்ன் சிகரத்தை (4,478 மீட்டர்) முதன்முதலாக 7 பேர் தொட்டார்கள். ஒரே வரிசையாகக் கயிற்றில் கட்டிக்கொண்டு இறங்கும்போது ஒருவர் கால் வழுக்கியது. அவரோடு மூன்று பேர் இழுபட்டார்கள். மற்ற மூவரும் இறுக்கிப் பிடித்தார்கள். ஆனால் நடுவில் கயிறு அறுந்தது! நான்கு பேர் இறந்தார்கள். அவர்களிடம் நல்ல கயிறும் இருந்தது. அந்த இடத்தில் கட்டியிருந்ததோ பழைய, பலமில்லாத கயிறு.

1953 ஏப்ரலில் எவரெஸ்டில் ஹிலாரி பனிப்பிளவுக்குள் விழுந்தார். டென்சிங் சட்டென்று பனிக்கோடாரியை ஊன்றி, கயிற்றை அதில் சுற்றி இழுத்துப் பிடித்தார். ஹிலாரி பிழைத்தார். அடுத்த மாதம் இருவரும் உச்சியில் நின்றார்கள்.

நீளாத கயிறுதான் நல்ல கயிறுன்னு நான் நினைச்சிருந்தேன். அது தப்பு! விழும்போது கயிறு கொஞ்சம் நீண்டு கொடுக்கணும். இல்லாவிட்டால் வெடுக்கென்று இழுக்கும் வேகத்தில் உடம்பு அடிபடும், கயிறும் அறுபடலாம். பழைய சணல் கயிறு அவ்வளவாக நீளாது. 1940-களில் வந்த நைலான் கயிறு நீண்டு கொடுத்து அதிர்ச்சியைத் தாங்கும்.

மலையேறுபவர்கள் புறப்படும் முன் ஒருவர் முடிச்சை இன்னொருவர் சரிபார்ப்பார்கள். எவ்வளவு பெரிய வீரரா இருந்தாலும் "எனக்குத் தெரியும், நீ பாக்க வேணாம்"னு சொல்ல மாட்டாங்க. விழுந்த பிறகு கயிறைப் பார்த்து என்ன பயன்?

விடை சொல்லுங்கள் பார்ப்போம்:
அ) பிலே என்றால் என்ன?
ஆ) நைலான் கயிறு ஏன் நல்லது?
இ) மேட்டர்ஹார்னில் உயிர் தப்பியவர்கள் எத்தனை பேர்?



– 9ஆம் வகுப்பு மாணவி