விரலுக்கேற்ற வீக்கம்

ரேம் எனப்படும் தற்காலிக நினைவகம் ஒரு மேசையைப் போன்றது. மேசை சிறியதாயின், வேண்டிய நூல்களை மட்டுமே அதில் விரிக்க முடியும். 2012ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளிவந்த ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியின் நிலையும் அதுவே. தொடக்கத்தில் அதன் நினைவகம் 256 மெகாபைட் மட்டுமே. திரையில் படம் காட்டும் பகுதிக்கும் அதிலிருந்தே பங்கு சென்றது.

அக்கணினியில் இயங்கும் லினக்ஸ், நினைவகம் நிரம்பும்போது உடனடியாகத் தேவைப்படாத தரவுகளைச் சேமிப்பு அட்டைக்கு மாற்றும். அட்டையின் வேகம் மிகக் குறைவு. ஆகவே, கணினி தடுமாறும். அங்கும் இடமில்லையெனில், பெரும்பாலும் அதிக இடம்பிடித்த நிரலை லினக்ஸ் நிறுத்திவிடும். சேமிக்கப்படாத வேலை அழிந்துபோகும்.

இதைத் தவிர்க்க, முதலில் அளந்து பார்க்க வேண்டும். 'டாப்' என்னும் கட்டளை, ஒவ்வொரு நிரலும் எவ்வளவு நினைவகத்தைப் பயன்படுத்துகிறது என்பதைக் காட்டும். அதன்பின், பின்னணியில் வீணாக இயங்கும் நிரல்களை நிறுத்தலாம். திரையே இல்லாமல் இயக்கும்போது, படப் பகுதியின் பங்கை 16 மெகாபைட்டாகக் குறைக்கலாம். அதனால் மிஞ்சும் இடம் மற்ற நிரல்களுக்குக் கிடைக்கும்.

இருப்பதை அறிந்து செலவிட்டால், சிறிய கணினியும் தடையின்றி உழைக்கும்.